பேரேடு ஓரிடம், பணம் வேறிடம்: 2024 சினாப்ஸ் முடக்கம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மே 11 அன்று அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் சேமிப்பு முடங்கியது. அவர்கள் பணம் இருந்த வங்கிகளில் ஒன்றுகூடத் திவாலாகவில்லை. நொடித்துப்போனது அவர்கள் பணம் போட்ட கைபேசிச் செயலிக்கும் வங்கிக்கும் நடுவில் இருந்த சினாப்ஸ் என்ற நிறுவனம். பணம் போட்டவர்களில் பலருக்கு அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே அன்றுதான் தெரியவந்தது.

நிதித் தொழில்நுட்பம் என்றதும் வேகம், வசதி, குறைந்த கட்டணம் என்றே பேச்சு போகும். அதைவிட ஆழமான மாற்றம் ஒன்று உண்டு: வங்கியின் பேரேடு வங்கியை விட்டு வெளியே போனது. அப்படிப் போன பேரேட்டை யாரும் சரிகட்டாமல், அதாவது வங்கி இருப்போடு ஒப்பிட்டுப் பொருத்தாமல், விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். தனிநபர் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி: இரவல் உரிமம்

ஒரு செயலி நிறுவனம் தானே வங்கியாக வேண்டுமென்றால் உரிமம் வாங்க வேண்டும், மூலதனம் கட்ட வேண்டும், நிரந்தரக் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே உரிமம் உள்ள வங்கியோடு ஒப்பந்தம் போட்டால் சில மாதங்களில் சேவையைத் தொடங்கிவிடலாம். முகப்பு செயலியுடையது, உரிமம் வங்கியுடையது. இரண்டையும் இணைக்கும் மென்பொருள், வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு, அன்றாடப் பற்று வரவுப் பதிவு ஆகிய மூன்றும் நடுவில் இருக்கும் நிறுவனத்தின் வேலை.

இதில் வங்கிக்கு என்ன லாபம்? கிளை திறக்காமலே வைப்புத்தொகை வந்து சேர்கிறது. அதுவும் ஏன் பெரும்பாலும் சிறிய வங்கிகள்? காரணம் ஒரு சட்டத்தில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டத்தில் டர்பின் திருத்தம் என்றொரு பிரிவு உண்டு. அதன்படி 1,000 கோடி டாலருக்குக் குறையாத சொத்துள்ள வங்கிகளின் டெபிட் அட்டைகளுக்கு, கடைக்காரரிடமிருந்து வரும் இன்டர்சேஞ்ச் கட்டணத்துக்கு 2011 முதல் உச்சவரம்பு உண்டு: ஒரு பரிவர்த்தனைக்கு 21 சென்ட், அதோடு தொகையில் 0.05 சதவீதம், மோசடித் தடுப்புக்காக 1 சென்ட். 40 டாலர் வாங்கினால் 21 + 2 + 1, ஆக 24 சென்ட். அந்த அளவுக்குக் கீழே உள்ள வங்கிகளுக்கு இந்த வரம்பு இல்லை. கூடுதலாகக் கிடைக்கும் சென்ட்களை வங்கி, நடு நிறுவனம், செயலி மூவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். "கட்டணமே இல்லாத கணக்கு" என்ற விளம்பரத்தின் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தக் கணக்குதான். வணிக மாதிரியைப் படிக்கும் மாணவர்கள் தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு முதலில் இந்த வரம்பைப் பார்ப்பது நல்லது.

சினாப்ஸ் 2014இல் தொடங்கப்பட்டது. 2019இல் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்ற துணிகர முதலீட்டு நிறுவனம் முன்னின்ற முதலீட்டுச் சுற்றில் 3.3 கோடி டாலர் திரட்டியது. 20 வங்கிகளோடும் 100 ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்ப) நிறுவனங்களோடும் ஒப்பந்தம் இருந்ததாகவும், அவற்றின் வழியாக வந்த பயனர்கள் சுமார் ஒரு கோடி என்றும் 2024 ஏப்ரலில் நீதிமன்றத்தில் சொன்னது. முடக்கத்தில் அடிபட்டவை யோட்டா, ஜூனோ போன்ற செயலிகள். முடங்கிய பணம் இருந்த வங்கிகள் ஈவால்வ் பேங்க் அண்ட் டிரஸ்ட், ஏஎம்ஜி நேஷனல் டிரஸ்ட், லீனியேஜ் பேங்க், அமெரிக்கன் பேங்க் ஆகிய நான்கு.

அமைப்பு: வங்கி ஏட்டில் ஒரே வரி

செயலியில் சேரும் ஒவ்வொருவருக்கும் வங்கியில் தனிக் கணக்கு திறந்தால் செலவும் தாமதமும் கூடும். ஆகவே பெரும்பாலான பணம் எஃப்பிஓ கணக்கு எனப்படும் தொகுப்புக் கணக்குகளில் கிடந்தது. "இன்னாரின் நலனுக்காக" வைத்திருக்கும் கணக்கு என்பது அதன் பொருள். வங்கி ஏட்டில் அது ஒரே கணக்கு, ஒரே இருப்பு. அதற்குள் யாருக்கு எவ்வளவு என்ற விவரம் சினாப்ஸின் பேரேட்டில் மட்டுமே இருந்தது.

சட்டப்படி இது தவறான ஏற்பாடு அல்ல. அமெரிக்க வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகமான எஃப்டிஐசி, ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் ஓர் உரிமை வகைக்கு 2.5 லட்சம் டாலர் வரை காப்பீடு தருகிறது. தொகுப்புக் கணக்கில் உள்ளவர்களுக்கும் அந்தக் காப்பீடு ஆள்வாரியாகப் போய்ச் சேரும். அதற்கு மூன்று நிபந்தனைகள்: பணம் உண்மையில் அந்த நபருடையதாக இருக்க வேண்டும், இது பிறர் சார்பில் வைத்திருக்கும் கணக்கு என்பது வங்கி ஏட்டில் தெரிய வேண்டும், யாருக்கு எவ்வளவு என்பதை வங்கியின் ஏட்டிலிருந்தோ, அதன் சார்பில் ஏடு வைத்திருப்பவரிடமிருந்தோ கண்டுபிடிக்க முடிய வேண்டும். மூன்றாவது நிபந்தனை முழுக்க முழுக்க நடு நிறுவனத்தின் பேரேட்டை நம்பி நிற்கிறது. இவை எல்லாம் பொருந்தினாலும், காப்பீடு பேசுவது வங்கி விழுந்தால் மட்டுமே. நடு நிறுவனம் விழுந்தால் அது வாய் திறக்காது.

பேரேடும் வங்கி இருப்பும் ஏன் விலகுகின்றன? கணக்குப்பதிவியலின் தொடக்கப் பாடங்களில் வரும் வங்கிச் சரிகட்டும் பட்டியல்தான் இங்கும் வேலை செய்கிறது. ரொக்க ஏட்டின் இடத்தில் நடு நிறுவனத்தின் பேரேடு, செல்லேட்டின் (பாஸ்புக்) இடத்தில் வங்கியின் இருப்பு அறிக்கை. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு நாள் முடிவில் பேரேடு 40,00,000 டாலர் என்கிறது, வங்கி 39,31,000 என்கிறது. வித்தியாசம் 69,000.

முதலில், நாளைக்கு வந்துசேரும் சம்பளத் தொகை 52,000ஐப் பேரேடு இன்றே வரவு வைத்துவிட்டது. "இரண்டு நாள் முன்னதாகச் சம்பளம்" என்ற கவர்ச்சிகரமான வசதியின் விலை இது. அடுத்து, உணவகத்தில் அட்டையைத் தேய்த்தபோது ஒப்புதல் 40 டாலருக்கு, பரிமாறியவருக்கான டிப்ஸும் சேர்ந்து தீர்வானது 48 டாலருக்கு. பேரேட்டில் 40 மட்டும் கழிந்திருக்கிறது. இப்படிப்பட்ட வித்தியாசங்கள் மொத்தம் 9,000. மூன்றாவது, வேறு வங்கியிலிருந்து ஏசிஹெச் என்ற வங்கிகளுக்கிடையிலான பணப்பரிமாற்ற வலையமைப்பு வழியாக இழுத்த தொகை "போதிய இருப்பு இல்லை" என்று திரும்பியது. வங்கி அதைத் திருப்பிக் கழித்துவிட்டது, பேரேட்டில் இன்னும் கழியவில்லை. அது 3,500. மூன்றும் சேர்ந்து 64,500. மிச்சம் 4,500க்கு விளக்கம் இல்லை.

கவனிக்க வேண்டியது அந்த 4,500தான். மற்றவை ஓரிரு நாளில் தாமாக நேராகும். அதிலும் ஏசிஹெச்சில் ஒரு கண்ணி உண்டு: இருப்பு இல்லாமல் திரும்புவது இரண்டு வங்கி வேலை நாளில் தெரிந்துவிடும், "நான் அனுமதிக்கவே இல்லை" என்று நுகர்வோர் மறுத்தால் 60 நாள் வரையிலும் திரும்பி வரலாம். விளக்கமில்லாத தொகையை, காரணம் தெரியும்வரை நிறுத்திவைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டு, அன்றே ஆள் வைத்துத் தேட வேண்டும். தேடாமல் விட்டு, தினமும் அதே அளவு அதே திசையில் சேர்ந்தால் 250 வேலை நாளில் 11,25,000 டாலர் ஆகிவிடும். 40 லட்சம் புழங்கும் கணக்கில் அது கால் பங்குக்கும் மேல்.

ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகள் வந்தால் இன்னொரு சிக்கல் சேர்கிறது. மொத்தக் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். எந்த வங்கியில் யாருடையது எவ்வளவு என்ற பிரிப்பு தவறியிருக்கும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

2023: குழாயை மாற்றிய ஆண்டு

2023இல் சினாப்ஸ் தன் ஏற்பாட்டை மாற்றியது. வாடிக்கையாளர் பணத்தைத் தன் தரகு நிறுவனமான சினாப்ஸ் புரோக்கரேஜ் வழியாகப் பல வங்கிகளுக்குப் பிரித்து அனுப்பும் முறைக்குப் போனது. இந்த மாதிரியின் தர்க்கம் எளிது: ஒரே வங்கியைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை; பணத்தைப் பல வங்கிகளில் பரப்பினால் ஒரு வாடிக்கையாளருக்கு 2.5 லட்சத்துக்கு மேலும் காப்பீடு எட்டும். காகிதத்தில் இதில் குறை சொல்ல முடியாது.

நடைமுறையில் சுமை கூடியது. பணம் மற்ற வங்கிகளுக்குப் போன பிறகும் செலுத்தல் சேவையின் ஒரு பகுதியை ஈவால்வ் செய்துவந்தது. பணம் வைத்திருக்கும் வங்கி ஒன்று, அட்டைச் செலவைத் தீர்க்கும் வங்கி வேறொன்று. ஒவ்வொரு நாளும் இரண்டுக்கும் இடையே பணம் நகர்ந்து, அந்த நகர்வு பேரேட்டிலும் சரியாக ஏற வேண்டும்.

அதே ஆண்டில் சினாப்ஸின் பெரிய வாடிக்கையாளர் நிறுவனமான மெர்குரி, நடு நிறுவனத்தை விட்டுவிட்டு ஈவால்வோடு நேரடி உறவுக்கு மாறியது. அன்றைய சூழலில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. அமெரிக்க மத்திய வங்கி, எஃப்டிஐசி, நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் மூன்றும் சேர்ந்து, மூன்றாம் தரப்பு உறவுகளின் இடர் மேலாண்மை பற்றிய வழிகாட்டுதலை 2023 ஜூனில் வெளியிட்டிருந்தன. வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியிடமே இருக்கும் என்பது அதன் சாரம். ஆனால் சினாப்ஸுக்கு இது இரட்டை அடி. வருமானம் போனது. பிரிந்து போகும் பெருந்தொகை சரியான அளவில்தான் போனதா என்ற தகராறும் கிளம்பியது.

இந்த நிகழ்வில் திருப்புமுனை எது என்று கேட்டால், திவால் மனு அல்ல, இந்த மாற்றம்தான் என்பது எங்கள் கருத்து. பழைய ஏட்டை மூடும்போது முடிவிருப்பை இரு தரப்பும் சரிபார்த்து ஒப்புக்கொள்வதும், அதையே புது ஏட்டின் தொடக்க இருப்பாக வைப்பதும் கணக்காளர்களின் பாலபாடம். பின்னால் எழுந்த வாதங்களைப் பார்த்தால், ஒப்புக்கொண்ட அப்படியொரு இருப்பு இல்லை என்பது புலப்படுகிறது. பணம் மற்ற வங்கிகளுக்குப் போய்விட்டது என்றது ஈவால்வ். ஈவால்வ்தான் தர வேண்டும் என்றது சினாப்ஸ் தரப்பு.

2024 ஏப்ரல் 22 முதல் மே 24 வரை

ஏப்ரல் 22 அன்று சினாப்ஸ் மறுசீரமைப்புக்கான 11ஆம் அத்தியாயத் திவால் பாதுகாப்பு கோரி மனு செய்தது. டாபாபே என்ற செலுத்தல் நிறுவனம் அதன் சொத்துகளை 97 லட்சம் டாலருக்கு வாங்குவதாகத் திட்டம். அது நடந்திருந்தால் மென்பொருளும் ஆட்களும் பேரேடும் தொடர்ந்து ஓடியிருக்கும். மே மாதத் தொடக்கத்தில் அந்த ஒப்பந்தம் முறிந்தது. எஃப்பிஓ கணக்குகளில் பணம் முழுமையாக இருக்கிறதா, குறைவை யார் நிரப்புவது என்ற தகராறு அதில் மையமாக இருந்தது. ஓட்டை எவ்வளவு பெரிது என்று தெரியாத பாத்திரத்தை யார் விலை கொடுத்து வாங்குவார்?

மே 11 அன்று சினாப்ஸின் கணினி அமைப்புக்குள் ஈவால்வ் நுழைய முடியாமல் போனது. ஈவால்வ் பரிவர்த்தனைகளை நிறுத்தியது. வெளியிலிருந்து பார்த்தால் இரக்கமற்ற செயல். வங்கியின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு வழி குறைவு: யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால், முதலில் வந்தவர் முழுத்தொகையும் கடைசியில் வந்தவர் வெறுங்கையும் பெறுவார்கள். ஆனால் அந்தத் தெரியாமை ஒரே நாளில் வந்ததல்ல. பெயர்வாரிப் பட்டியலின் தினசரிப் பிரதி வங்கியின் சொந்தக் கணினியில் இருந்திருந்தால், மே 12 அன்று வங்கி செய்ய வேண்டியிருந்தது அதைத் திறந்து பார்ப்பது மட்டுமே.

மே 24 அன்று நீதிமன்றம் திவால் நடவடிக்கையை நிர்வகிக்க ஒரு பொறுப்பாளரை அமர்த்தியது. எஃப்டிஐசியின் முன்னாள் தலைவர் அவர்.

சரிபார்ப்பு: பணமில்லாத விசாரணை

பொறுப்பாளரின் ஜூன் மாத அறிக்கையில் இருந்த எண்கள்: வாடிக்கையாளர்களுக்குச் சேர வேண்டியது 26.5 கோடி டாலர், நான்கு வங்கிகளிலும் இருப்பது 18 கோடி, குறைவு 8.5 கோடி. பின்னர் இந்தக் குறைவு 6.5 கோடிக்கும் 9.6 கோடிக்கும் இடையில் என்று வரம்பாகச் சொல்லப்பட்டது. ஒரே எண்ணாகச் சொல்ல முடியாமல் 3.1 கோடி டாலர் அகலமுள்ள வரம்பாகச் சொல்ல வேண்டி வந்ததே ஏடுகளின் நிலைக்குச் சான்று.

அவர் எதிர்கொண்ட தடைகள் மூன்று. முதலாவது பணம். பணம் போன தடத்தைத் தேடும் தடயக் கணக்காளர்களை அமர்த்தச் சினாப்ஸின் திவால் சொத்தில் காசு இல்லை. இரண்டாவது ஆட்கள். பேரேட்டு மென்பொருளை எழுதியவர்களும் இயக்கியவர்களும் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது சட்டம், இதைத்தான் மாணவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. எஃப்பிஓ பணம் வாடிக்கையாளருடையது, திவாலானவரின் சொத்து அல்ல. அதனால் சினாப்ஸுக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கைவைக்க முடியாது, நல்லது. ஆனால் அதே காரணத்தால், அந்தப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று உத்தரவிடத் தனக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியைத் திவால் நீதிபதியே எழுப்பினார். வாடிக்கையாளரைக் காக்கும் விதியே அவருக்குப் பணம் போய்ச்சேரும் வழியையும் குறுக்கியது.

பங்கீட்டில் இரண்டு போக்குகள் எதிரெதிரே நின்றன. எல்லாருக்கும் விகிதப்படி ஒரு பகுதியை உடனே கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சரிபார்ப்பு முடியும்வரை வைத்திருப்பது ஒன்று. சரிபார்ப்பு முடிந்த கணக்குகளுக்கு முழுத்தொகையும் கொடுத்து, மற்றவர்களைக் காக்க வைப்பது மற்றொன்று. முதலாவது நியாயமாகத் தோன்றும், ஆனால் தன் பணம் பத்திரமாக இருக்கும் வங்கியைச் சேர்ந்தவர், வேறொரு வங்கியில் காணாமல் போன பணத்துக்கும் பங்கு சுமக்க நேரும். கடைசியில் வங்கிகள் தத்தம் சரிபார்ப்பின்படி தனித்தனியாகவே பணத்தை விடுவித்தன.

விளைவு

ஈவால்வ் வெளி நிறுவனம் ஒன்றை வைத்துத் தன் பக்கக் கணக்கைச் சரிபார்த்து, 2024 நவம்பரில் பணம் கொடுக்கத் தொடங்கியது. முடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. சிலருக்குக் கிடைத்தது செயலி காட்டிய இருப்பில் ஒரு சிறு துணுக்கு. மீதி வேறு வங்கிகளில் இருக்கிறது என்ற பதில் வந்தது, அந்த வங்கிகளோ தங்களிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டோம் என்றன.

ஒழுங்குமுறைத் தரப்பில் நடந்தவை பல. 2024 ஜூன் 14 அன்று மத்திய வங்கி, ஃபின்டெக் கூட்டுறவுகளில் இடர் மேலாண்மைக் குறைபாடுகளுக்காக ஈவால்வ் மீது நடவடிக்கை அறிவித்தது. இது சினாப்ஸ் திவாலிலிருந்து வேறானது, 2023ஆம் ஆண்டு ஆய்வுகளில் கண்டவற்றுக்கானது என்றும் சொன்னது. செப்டம்பர் 17 அன்று எஃப்டிஐசி ஒரு வரைவு விதியை முன்வைத்தது: தொகுப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கி, உண்மையான உரிமையாளர் ஒவ்வொருவரின் இருப்பையும் அறிந்திருக்க வேண்டும், ஏடு மூன்றாம் தரப்பிடம் இருந்தால் அதை எந்நேரமும் நேரடியாக அணுக முடிய வேண்டும், ஒவ்வொரு வேலை நாள் முடிவிலும் சரிகட்ட வேண்டும்.

2025 ஆகஸ்டில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு சினாப்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளர் பணம் எங்கே இருக்கிறது என்ற பதிவைச் சரியாக வைக்கவில்லை, வங்கிகளின் பதிவோடு அது பொருந்துவதை உறுதிசெய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. கேட்ட அபராதம் 1 டாலர். கேலி அல்ல. அபராதம் என்று ஏதாவது விதிக்கப்பட்டால்தான் அந்த அமைப்பின் அபராத நிதியிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வழி திறக்கும்.

எவை மாற வேண்டும்

சரிகட்டல் தினமும் நடக்க வேண்டும், அதை வங்கி தானே செய்ய வேண்டும். நடு நிறுவனம் அனுப்பும் "எல்லாம் சரி" அறிக்கையைக் கோப்பில் சேர்ப்பது சரிகட்டல் ஆகாது. மொத்தம் பொருந்தினால் போதாது. வங்கிவாரியாக, செயலிவாரியாக, ஆள்வாரியாக மூன்று அடுக்கிலும் பொருந்த வேண்டும். அனாமத்துக் கணக்கில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் வயது கணக்கிட்டு, குறித்த நாளைத் தாண்டினால் அதைப் பொறுப்பான அதிகாரி கையெழுத்திட்டுத் தீர்க்க வேண்டும். தீராத வரை செயலி நிறுவனமோ நடு நிறுவனமோ சொந்தப் பணத்தைப் போட்டு இடைவெளியை நிரப்பும் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பேரேட்டின் பிரதி வங்கியின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அது கடவுச்சொல் போட்டு எட்டிப்பார்க்கும் திரையாக இருந்தால் மே 11 மீண்டும் வரும். தினமும் வந்திறங்கும் கோப்பாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, நடு நிறுவனம் இன்று மறைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அந்தக் கோப்பை மட்டும் கொண்டு நூறு வாடிக்கையாளர்களுக்குப் பணம் கொடுக்க முடிகிறதா என்று ஒத்திகை பார்க்கலாம். கோப்பு இருந்தும் பயனில்லாமல் போவது இங்கேதான்: பெயர் இருக்கும், பணம் அனுப்ப வேண்டிய கணக்கு எண் இருக்காது, இருப்பு இருக்கும், நடுவழியில் உள்ள அட்டைச் செலவு இருக்காது.

நடு நிறுவனம் மூடப்பட்டால் சரிபார்ப்புக்கு ஆகும் செலவைச் சேவை தொடங்கும்போதே தனி நிதியாக ஒதுக்க வேண்டும். பல மாதங்களுக்குச் சில கணக்காளர்கள், சில மென்பொறியாளர்கள், சர்வர் வாடகை. முடங்கிய தொகையோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. அது ஒதுக்கப்படாததால்தான் பொறுப்பாளர் கையைப் பிசைய வேண்டியிருந்தது.

கடைசியாக, செயலியின் முகப்பில் "எஃப்டிஐசி காப்பீடு உண்டு" என்ற வாசகம். வங்கி விழுந்தால் உண்டு, நாங்களோ எங்கள் இடைநிலை நிறுவனமோ விழுந்தால் இல்லை என்ற இரண்டாவது பாதியையும் அதே எழுத்தளவில், அதே திரையில், பணம் போடும் பொத்தானுக்கு மேலேயே காட்ட வேண்டும்.